மீதி எத்தனை கூடை?

ஞாயிறு பள்ளியில் வேத வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு எண்கள் என்றால் கொள்ளைப் பிரியம். கானாவூர் கல்யாணத்தில் எத்தனை கற்சாடி? ஆறு. நாகமான் யோர்தானில் எத்தனை தரம் முழுகினான்? ஏழு. பெதஸ்தா குளத்தங்கரையில் கிடந்தவன் எத்தனை வருஷமாக நோயாளி? முப்பத்தெட்டு. கேட்கவும் சுலபம், மார்க் போடவும் சுலபம், தகராறு வராது. அப்படி உருப்போட்ட எண்களெல்லாம் இன்னமும் நாக்கு நுனியில் நிற்கின்றன. ஏன் ஆறு, ஏன் முப்பத்தெட்டு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இயேசுவே ஒருமுறை இப்படி ஒரு வினாடி வினா நடத்தியிருக்கிறார். மாற்கு நற்செய்தி எட்டாம் அதிகாரம். படகில் போய்க்கொண்டிருக்கிறார்கள். சீடர்கள் அப்பம் எடுத்துவர மறந்துவிட்டார்கள். படகில் இருப்பது ஒன்றே ஒன்று. அவர் பரிசேயருடைய புளித்த மாவைப் பற்றி எச்சரிக்க, இவர்களோ நம்மிடம் அப்பம் இல்லாததைத்தான் குத்திக்காட்டுகிறார் போல என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு அலுத்துப் போகிறது. ஐந்து அப்பத்தை 5,000 பேருக்குப் பங்கிட்டேனே, மீதியை எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள்? பன்னிரண்டு. ஏழு அப்பத்தை 4,000 பேருக்குப் பங்கிட்டபோது? ஏழு. அப்படியிருந்தும் உங்களுக்கு இன்னும் புரியவில்லையா என்கிறார். அவ்வளவுதான். மாற்கு அடுத்த வரியில் பெத்சாயிதாவுக்குப் போய்விடுகிறார்.

எண்களுக்கு அர்த்தம் தேடுகிற பழக்கம் கிறிஸ்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பாபிலோன், பித்தாகரஸ் என்று அதற்கு வேறு மூதாதையர் உண்டு. ஆனால் விடை சொல்லாமல் விடப்பட்ட இந்தக் கேள்வி இரண்டாயிரம் வருஷமாக ஆட்களைச் சும்மா இருக்கவிடவில்லை.

இதில் என்னை இழுப்பது வேறொன்று. எத்தனை அப்பம், எத்தனை பேர் என்ற விவரத்தை அவரே சொல்லிவிடுகிறார். கேட்பது மீதியை மட்டும். அற்புதத்தைப் பெருக்கல் கணக்காகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஐந்து ஐயாயிரமானது என்கிறோம். அவர் கேட்டதோ கழித்தது போக எவ்வளவு என்று.

அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஐந்து அப்பம், 5,000 பேர், மீதி 12 கூடை. ஏழு அப்பம், 4,000 பேர், மீதி ஏழு கூடை. கையில் குறைவாக இருந்தபோது அதிகம் பேர் சாப்பிட்டு அதிகம் மிஞ்சியிருக்கிறது. கையிருப்பு கூடியபோது பந்தியும் சுருங்கி, மீதியும் சுருங்கிவிட்டது. சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர் யாரும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார். மாற்கு இதைத் தெரிந்தே செய்தாரா என்று சொல்ல வழியில்லை. ஆனால் படகில் ஒரே ஒரு அப்பம் இருக்கும்போது இந்தக் கேள்வி எழுகிறது என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

வழக்கமான விளக்கம் இது: பன்னிரண்டு இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள், முதல் விருந்து யூதருக்கு. இரண்டாவது விருந்து தெக்கப்போலிப் பக்கம், பிற இனத்தார் வாழும் பகுதியில் நடக்கிறது. ஆகவே ஏழு என்பது உபாகமம் ஏழாம் அதிகாரம் சொல்லும் கானானின் ஏழு இனங்கள், அல்லது அப்போஸ்தலர் நடபடிகளில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச்சேர நியமிக்கப்பட்ட ஏழு பேர். 4,000 என்றால் நாலு திசை. பன்னிரண்டை நான் முழுக்க நம்புகிறேன். கூடைக்கு ஓர் ஆளாகப் பன்னிரண்டு சீடர்கள் சுமந்திருந்தாலும் அந்தப் பன்னிரண்டு பேரையே இயேசு கோத்திரக் கணக்கில்தானே தேர்ந்தெடுத்தார். ஏழு என்பதை முக்கால்வாசி ஒப்புக்கொள்ளலாம். நாலு திசை கொஞ்சம் இழுவை.

ஐந்து அப்பம் மோசேயின் ஐந்து நூல்கள் என்பது புனித அகஸ்டின் சொன்னது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்து யோவான் நற்செய்தியை வரிவரியாக விளக்கியவர் அவர். யோவான் மட்டும்தான் அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்கிறார். அகஸ்டின் விடுவாரா? வாற்கோதுமையின் உமி தானியத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். பழைய ஏற்பாட்டின் உட்பொருளும் அப்படித்தான் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது என்கிறார். அழகாக இருக்கிறது, மறுக்க மனம் வரவில்லை. ஆனால் வாற்கோதுமை அன்றைக்கு ஏழைகள் தின்ற தானியம். யோவான் கதையில் அப்பங்களை வைத்திருந்த பையனிடம் அதுதான் இருந்திருக்கும்.

கலிலேயாக் கடலோரம் தப்கா என்ற இடத்தில் இந்த அற்புதத்தின் நினைவாகக் கோயில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டுக் கோயிலின் தரையில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த படம் இன்றும் அங்கே உண்டு: நடுவில் கூடை, இரண்டு பக்கமும் மீன்கள். கூடைக்குள் தெரிகிற அப்பங்களை எண்ணினால் நாலுதான். ஐந்தாவது அப்பம் மேலே பலிபீடத்தில் இருக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். அடியில் மறைந்திருக்கலாம் என்றும் சொல்லலாம். எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் இல்லாததற்கும் அர்த்தம் வந்துவிடுகிறது!

இந்த அப்பக் கதையில் எண்கள் உண்மையிலேயே வேலை செய்கிற இடம் வேறு. இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் எலிசா தீர்க்கதரிசியிடம் ஒருவர் இருபது வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவருகிறார். எதிரே 100 பேர். இதை நூறு பேருக்கு எப்படி வைப்பது என்று பணியாள் தயங்க, வை, சாப்பிட்டு மீதியும் இருக்கும் என்கிறார் எலிசா. அப்படியே நடக்கிறது. அதே வாற்கோதுமை, அதே தயக்கம், அதே மீதி. அங்கே அப்பம் ஒன்றுக்கு ஐந்து பேர். இங்கே அப்பம் ஒன்றுக்கு ஆயிரம் பேர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த யூதருக்கு அகராதியும் வேண்டாம், குறியீட்டு விளக்கமும் வேண்டாம். எலிசாவைவிட எத்தனை மடங்கு என்று மனசுக்குள் கணக்கு ஓடியிருக்கும். எலிசா கதையில் மீதி இருந்தது என்று மட்டும் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. சுவிசேஷக்காரர்கள்தான் கூடையை எண்ணினார்கள்.

ஆட்களையும் எண்ணினார்கள். நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் உட்கார்ந்தார்கள் என்கிறார் மாற்கு. வனாந்தரத்தில் மோசே ஜனங்களை ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பிரித்துத் தலைவர்களை வைத்ததை நினைவூட்டுகிறது என்பார்கள். இருக்கட்டும். பந்தி பரிமாறியவர்களுக்குத் தெரியும், வரிசை போட்டால்தான் தலை எண்ண முடியும். மத்தேயு மட்டும் கடைசியில் 'பெண்களும் பிள்ளைகளும் தவிர' என்று ஒரு வரி சேர்க்கிறார். அப்பத்தை எண்ணி, மீனை எண்ணி, கூடையையும் எண்ணியவர்கள் அவர்களை மட்டும் எண்ணாமல் விட்டதற்கு இதுவரை யாரும் குறியீட்டு விளக்கம் எழுதி நான் படிக்கவில்லை.

சரி, பெதஸ்தாவுக்கு வருவோம். குறியீடு தேடுகிறவர்களும் அதைக் கேலி செய்கிறவர்களும் ஒருசேர மாட்டிக்கொள்கிற இடம் அது. யோவான் ஐந்தாம் அதிகாரம்: எருசலேமில் ஆட்டுவாசல் அருகே ஒரு குளம், அதற்கு ஐந்து மண்டபங்கள். அதில் 38 வருஷமாக நோயோடு கிடந்தவன். அகஸ்டினுக்கு ஐந்து மண்டபம் மறுபடியும் மோசேயின் ஐந்து நூல்கள்; நோயாளியை உள்ளே படுக்கவைக்கும், குணமாக்காது. பின்னால் வந்த விமரிசகர்களும் சிலர் இதையே திருப்பிப் போட்டார்கள்: ஐந்து மண்டபம் வைத்துக் குளம் யார் கட்டுவார், இது யோவான் புனைந்த குறியீடு. பிறகு எருசலேமில் புனித அன்னாள் கோயிலுக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நடந்த அந்த அகழாய்வில் ஒட்டினாற்போல இரண்டு குளங்களும் நடுவில் ஒரு தடுப்புச் சுவரும் வெளிப்பட்டன. நாலு பக்கம் நாலு மண்டபம், நடுத்தடுப்பின் மேல் ஒன்று. ஐந்து. யோவான் இடத்தைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அதனால் குறியீடே இல்லை என்று ஆகிவிடுமா? கட்டடத்தில் இருந்த ஐந்தைப் பார்த்த ஒரு யூதருக்கு மோசே ஞாபகம் வரக்கூடாது என்று சட்டமா என்ன.

முப்பத்தெட்டுக்கு இரண்டு விளக்கம் உண்டு. உபாகமம் இரண்டாம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் காதேஸ்பர்னேயாவிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்கும்வரை அலைந்த காலம் 38 வருஷம் என்று இருக்கிறது. அதாவது ஒரு தலைமுறையே செத்துத் தீர்ந்த காலம். எனக்கு இது பிடிக்கும். அகஸ்டின் வேறு வழியில் போகிறார்: நாற்பது நிறைவான எண், இவனுக்கு இரண்டு குறைகிறது, அந்த இரண்டு கடவுளன்பும் பிறரன்பும். பிரசங்கத்தில் கேட்டால் கைதட்டத் தோன்றும். ஆனால் கிடந்தவனிடம் போய், தம்பி உனக்கு இரண்டு குறைகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

பன்னிரண்டு இன்னொரு இடத்திலும் வருகிறது, அங்கே அது என்னை உலுக்கும். ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள்; வயது பன்னிரண்டு. அவளைப் பார்க்கப் போகிற வழியில் பெரும்பாடுள்ள பெண் ஒருத்தி கூட்டத்தில் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். பன்னிரண்டு வருஷமாக ரத்தப்போக்கு. மாற்கு ஒரு கதையை இன்னொரு கதையின் வயிற்றுக்குள் வைத்துச் சொல்கிறார். இங்கேயும் கோத்திரம் என்பார்கள், நான் அதற்கு அவசரப்பட மாட்டேன். இந்தப் பெண்ணுக்கு உதிரம் நிற்காமல் போகத் தொடங்கிய வருஷம் அந்தக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு வீட்டில் செல்லமாகப் பன்னிரண்டு வருஷம். அதே ஊர்ப்பக்கத்தில் தீட்டு என்று யாரும் தொடாமல், வைத்தியருக்குக் கொடுத்தே சொத்தழிந்து பன்னிரண்டு வருஷம். அன்றைய வழக்கப்படி அந்தச் சிறுமி பெண்ணாகப் போகிற வயசு, உதிரத்தின் வாசலில் நிற்கிற வயசு. கோத்திரங்களைவிட இது என்னிடம் அதிகம் பேசுகிறது.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் பன்றிகள். பிசாசு பிடித்தவன் தன் பெயர் லேகியோன் என்கிறான். ரோமப் படைப்பிரிவின் பெயர். ஐயாயிரம் ஆறாயிரம் பேர் கொண்டது. பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் போக, ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் விழுந்து மாய்கின்றன. பத்தாம் லேகியோனின் சின்னங்களில் காட்டுப்பன்றியும் ஒன்று, கி.பி. 70-இல் எருசலேம் விழுந்த பிறகு அங்கேயே முகாமிட்ட படை அது. கேட்டவர்கள் யாரை நினைத்துச் சிரித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். மத்தேயுவும் லூக்காவும் இதே கதையைச் சொல்கிறார்கள், ஆனால் 2,000 என்ற எண்ணை விட்டுவிட்டார்கள். சில எண்கள் உதிரவும் செய்யும்.

பத்துத் தொழுநோயாளிகள் கதையில் குறியீடு எதுவும் தேவைப்படாமலே எண் குத்துகிறது. குணமானது பத்துப் பேர், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்கிறார் இயேசு. இங்கும் கழித்தல் கணக்குதான்.

இப்போது 153.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம். உயிர்த்தெழுந்த பிறகு, ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காத சீடர்களிடம் கரையிலிருந்து ஒருவர், வலப்பக்கம் போடுங்கள் என்கிறார். போட்டார்கள். 'பெரிய மீன்கள் நூற்றைம்பத்து மூன்று' என்று எழுதி வைத்திருக்கிறார் யோவான். ஏறக்குறைய நூற்றைம்பது என்று எழுதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மூன்று செய்த வேலை இருக்கிறதே!

அகஸ்டின் கண்டுபிடித்தது இது: ஒன்றிலிருந்து பதினேழு வரை எண்களைக் கூட்டினால் 153. இப்படி ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டி வருவதை முக்கோண எண் என்பார்கள். பதினேழு என்பது பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும். போப் பெரிய கிரகோரி அதே பதினேழை மூன்றால் பெருக்கி, வந்ததை மறுபடி மூன்றால் பெருக்கினார், 153. அலெக்சாந்திரியா சிரில் நூறு, ஐம்பது, மூன்று என்று உடைத்தார்: நூறு பிற இனத்தார், ஐம்பது இஸ்ரவேலர், மூன்று திரித்துவம். எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியஸ் ஜெபத்தைப் பற்றிய தன் நூலைச் சரியாக 153 சிறு அத்தியாயங்களாகவே எழுதினார். முன்னுரையில் நூறு சதுர எண், 28 முக்கோண எண், 25 (ஐந்தை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்திலேயே முடிவதால்) வட்ட எண் என்று கணக்கு வேறு போடுகிறார். பெத்லகேமில் உட்கார்ந்து விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், உலகத்தில் மீன் வகைகள் மொத்தம் 153 என்று இயற்கை நூலார் சொல்வதாக எழுதி, ஒப்பியன் என்ற கவிஞரைச் சாட்சிக்கு அழைத்தார். ஒப்பியனின் மீன் காவியம் இன்றும் கையில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தவர்களுக்கு 153 வரவில்லை.

ஆனால் ஜெரோம் அதைச் சொன்ன இடம் முக்கியம். எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்துக்கு அவர் எழுதிய உரையில் அது வருகிறது. அங்கே ஆலயத்திலிருந்து ஒரு நதி புறப்பட்டுச் சாக்கடலில் பாய்ந்து அதை நன்னீராக்குகிறது. என்கேதி தொடங்கி என்எக்லாயிம் வரை மீனவர்கள் வலை விரிக்கிறார்கள். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் வேலை செய்யும். நம் 'எட்டேகால் லட்சணமே' தெரியுமல்லவா, எட்டு அ, கால் வ, ஆக அவலட்சணம், அதே விளையாட்டுத்தான். 1958-இல் ஜே. ஏ. எமர்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் காட்டினார்: 'கேதி' என்ற எழுத்துகளைக் கூட்டினால் 17, 'எக்லாயிம்' என்பதைக் கூட்டினால் 153. பதினேழும் நூற்றைம்பத்து மூன்றும் ஒரே வசனத்தில், வலை விரிக்கிற இடங்களின் பெயராக! முதல்முறை படித்தபோது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் மேற்கொண்டு படித்தேன். இருக்கிற விளக்கங்களிலேயே மிகவும் பலமானது இதுதான் என்று நினைக்கிறேன். கூடவே ஒரு சந்தேகமும்: யோவான் எழுதியது கிரேக்கத்தில், அதைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு எபிரேயக் கூட்டல் தெரியும்? 'தேவனுடைய புத்திரர்' என்ற எபிரேயச் சொற்றொடரைக் கூட்டினாலும் 153 வருகிறது. தேடினால் இன்னும் கிடைக்கும்.

முக்கோண எண் என்பதால் மயங்கிவிட வேண்டாம். பவுல் போன கப்பல் உடைந்து, ஒருவர்கூடச் சாகாமல் கரையேறினார்களே, அவர்கள் 276 பேர். ஒன்றிலிருந்து 23 வரை கூட்டினால் 276. மேலறையில் கூடியிருந்த 120 பேரும் முக்கோணம், 666-உம் முக்கோணம். ஆனால் 276-ஐ வைத்து யாரும் பெரிதாகப் பிரசங்கம் செய்வதில்லை.

இணையத்தில் சுற்றுகிற இன்னொன்று: மூன்றால் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்து, அதன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 153-இல் வந்து நிற்கும். பன்னிரண்டை எடுங்கள்: 9, 729, 1080, 513, 153. பன்னிரண்டு கூடையிலிருந்து நேராக மீன் வலைக்கு வந்துவிட்டோம்! கணிதமாக இது முழு உண்மை, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் யோவான் காலத்துக் கிரேக்கர்கள் 153-ஐ நூறு, ஐம்பது, மூன்று ஆகியவற்றுக்கான மூன்று எழுத்துகளால் எழுதினார்கள். ஒன்று, ஐந்து, மூன்று என்ற இலக்கங்களே அவர்களிடம் கிடையாது. ஆகவே இந்த அதிசயம் நம் எழுத்துமுறையின் அதிசயம்.

மீன் பிடிக்கிற ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஏன் எண்ணினார்கள் என்பதற்கு விடை ஒரு வரியில் வரும். பங்கு பிரிக்க. பொடி மீனைக் கூடைக் கணக்கில் தள்ளிவிடலாம். பெரிய மீன் என்றால் எண்ணாமல் எப்படி? யோவானும் பெரிய மீன்கள் என்றுதான் சொல்கிறார். அன்று படகில் இருந்தவர்கள் ஏழு பேர்: பேதுரு, தோமா, நாத்தான்வேல், செபதேயுவின் இரண்டு மகன்கள், பெயர் சொல்லாத இருவர். 153-ஐ ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 21, மீதி ஆறு. இதையும் ஒரு ரகசியமாக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும், வேண்டாம்.

என் பார்வையில் 153-க்குப் பொருள் தருவது அதே வசனத்தின் பிற்பகுதி: இத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை. லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில், சீடர்களை முதன்முதலாக அழைக்கும்போதும் இப்படி ஒரு பெரிய மீன்பாடு நடக்கிறது. அங்கே வலை கிழியத் தொடங்குகிறது, படகுகள் அமிழ்கின்றன, மீன் எத்தனை என்று இல்லை. எண்ண முடிந்திருக்காது. இங்கே வலை தாங்கியது, எல்லாம் கரை சேர்ந்தது, ஒவ்வொன்றாக எண்ணினார்கள். யோவான் ஆறாம் அதிகாரத்தில், ஒன்றும் வீணாகாதபடி மீதியைச் சேர்த்து வையுங்கள் என்று சொன்னவரும் இவரே. பன்னிரண்டு கூடையும் 153 மீனும் ஒரே கணக்குப்புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. கோயிலும் ஆர்.சி. கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் 153 எனக்கு இன்னொரு வழியிலும் பழக்கம். கத்தோலிக்க வீடுகளில் 53 மணி ஜெபமாலை, 153 மணி ஜெபமாலை என்று சொல்வார்கள். ஐந்து பத்துகளும் தொடக்கத்தில் மூன்றும் சேர்ந்தால் 53 'அருள்நிறை மரியே' ஜெபங்கள். பதினைந்து பத்துகளும் சொன்னால் 153. நூற்றைம்பது வந்தது 150 சங்கீதங்களிலிருந்து. வாசிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ஈடாகச் சொன்ன ஜெபம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. மீனுக்கும் இதற்கும் தொடர்பு பிற்பாடு கண்டுகொண்டது. ஆனால் கடற்கரை ஊர்களில் அதைச் சொன்னால் முகங்கள் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

2002-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் என்று புதிதாக ஐந்து சேர்த்தார்; மறைபொருள் ஒன்றுக்குப் பத்து மணி. இப்போது முழு ஜெபமாலை சொன்னால் 203 வருகிறது. வயதானவர்கள் பலர் 153 மணி என்றே சொல்கிறார்கள். 203 முக்கோண எண் இல்லை, எந்தத் தீர்க்கதரிசியின் ஊர்ப்பெயரைக் கூட்டினால் வரும் என்றும் யாரும் தேடியதாகத் தெரியவில்லை. ஏழால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்பதை மட்டும் இப்போதைக்கு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.